கரும்பலகையின் நடுவே ஒரு கோடு

அடியே,

இன்று மதியம் விலங்கியல் ஆய்வகத்துப் படிக்கட்டில் கால் வைத்ததுமே வெல்லப்பாகு வாசனை மூக்கில் ஏறியது. ரவையும் வெல்லமும் சேர்ந்து கொதிக்கிற வாசனை, அதற்கு அடியில் ஈஸ்ட்டின் புளித்த நெடி. கல்யாண வீட்டுப் பாயசத்தை யாரோ இரண்டு நாள் மறந்து வைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்று நீயே சொல்வாய். உன் பழ ஈக்களுக்குச் சமையல் நடக்கிறது. நீதான் உள்ளே அடுப்பு முன்னால் நின்று, கண்ணாடியில் ஆவி படியக் கரண்டியை ஆட்டிக்கொண்டிருக்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் ஆய்வக உதவியாளர் முனுசாமி அண்ணன்.

“வாங்க மேடம். பாயசம் ரெடியா கீது. முந்திரிதான் இல்ல.”

உன்னிடம் அவர் எத்தனையோ வருடமாகச் சொன்ன அதே ஜோக். நீ போன பிறகும் மனுஷன் அதை விடவில்லை. நான் சிரித்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன். ஊரில் எல்லாருக்கும் போனவர்களை நினைக்க மல்லிகைப்பூ, ஊதுவத்தி, பழைய புடவை என்று ஏதாவது கௌரவமான வாசனை கிடைக்கிறது. எனக்குப் பார், ஈத்தீனி கிடைத்திருக்கிறது. உன்னோடு சேர்ந்ததற்கு இதாவது கிடைத்ததே.

இன்று வெள்ளிக்கிழமை, நம் வகுப்பு நாள். அந்த வகுப்பு நம் தலையில் விழுந்த கதை உனக்கு நினைவிருக்கும். ‘உயிரியலும் சமூகமும்’ என்று ஒரு பாடம் புதிதாக வந்தது. விலங்கியல் துறையில் யாருக்கும் அது வேண்டாம், சமூகவியல் துறையிலும் வேண்டாம். கடைசியில் உன் துறையிலிருந்து உன்னையும் என் துறையிலிருந்து என்னையும் பிடித்துக் கட்டிவிட்டார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம். பாதிப் பிள்ளைகள் தாம்பரம் ஸ்டேஷனில் எந்த ரயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள், மீதிப் பாதிக்குச் சாப்பாட்டு மயக்கம். முதல் நாள் நான் பெண்ணுரிமை, சமத்துவம் என்று ஆவேசமாகப் பேசினேன். ஒருத்தன் கொட்டாவி விட்டான். நீ எதுவும் பேசவில்லை. ஆளுக்கொரு லென்ஸைக் கொடுத்து, கண்ணாடிக் குழாயில் ஓர் ஆண் ஈயையும் பெண் ஈயையும் விட்டு, “பத்து நிமிஷம் பாருங்க. பார்த்ததை எழுதுங்க,” என்றாய். அவ்வளவுதான் உன் ஆவேசம்.

வகுப்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஆண் ஈ ஒரு சிறகை மட்டும் விரித்து நடுங்கவைத்துக்கொண்டு பெண் ஈயின் பின்னாலேயே சுற்றுகிறது. பெண் ஈ நகர்ந்து நகர்ந்து போகிறது. பின் பெஞ்சில் ஒரே விசில். எழுதிக் கொடுத்த தாள்களில் ஒன்றை எடுத்து நீ சத்தமாகப் படித்தாய்: “பெண் ஈ வெட்கப்பட்டு ஒதுங்கியது.” எழுதியது மேகலா. படப்பையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று எனக்குத் தோன்றும், அவ்வளவு அமைதி.

“மேகலா, ஒதுங்கினதைப் பார்த்தே. சரி. வெட்கத்தை எங்கம்மா பார்த்தே? அந்த லென்ஸ்ல அதுகூடத் தெரியுதா?”

வகுப்பே சிரித்தது. மேகலாவும் சிரித்தாள். நீ கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டாய். இடது பக்கம் ‘பார்த்தது’ என்று எழுதினாய். வலது பக்கம் ‘நினைத்தது’ என்று எழுதினாய். ஒதுங்கியது இடது பக்கம் போயிற்று, வெட்கம் வலது பக்கம். “வலது பக்கம் எழுதக் கூடாதுன்னு நான் சொல்லல. எந்தப் பக்கம் நிக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டு நில்லுங்க, அவ்வளவுதான்,” என்றாய். அன்றிலிருந்து பிள்ளைகள் உனக்கு வைத்த பெயர் கோடு மேடம். எனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. முனுசாமி அண்ணனைக் கேட்டு நானே தெரிந்துகொண்டேன். லவுட் ஸ்பீக்கராம்!

அந்தக் கோட்டின் பலம் எனக்கு உண்மையில் புரிந்தது வேறொரு நாளில். ஒரு பையன் எழுந்து, “சில ஜாதிக்காரங்களுக்கு மூளை ஜாஸ்தி மேடம், அது ஜீன்லயே இருக்கு,” என்று அலட்டாமல் சொன்னான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. டஸ்டர் கையில் இருந்திருந்தால் பறந்திருக்கும். நீ என் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, “நல்லது, வா, வந்து எழுது. நீ என்ன பார்த்தே?” என்று சாக்பீஸை நீட்டினாய். மார்க் என்று எழுதினான். அப்புறம்? டியூஷன். அப்புறம்? தனி ரூம். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற அம்மா. தாத்தா காலத்திலிருந்தே பட்டம். இடது பக்கம் நிறைந்து வழிந்தது. “ஜீன் எங்கே?” என்றாய். அவன் வலது பக்கம் போய் எழுதினான். எழுதி முடித்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரு மணி நேரம் கத்தியிருந்தாலும் அவன் அப்படி நின்றிருக்க மாட்டான். உன்னிடம் இதை அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு ஏற்கெனவே தலைக்கனம் ஜாஸ்தி.

மாணவர்கள் முன்னால் மேடம், படிக்கட்டு இறங்கினால் வாடி போடி. அதுதான் நம் வழக்கம். அந்தப் படிக்கட்டில்தான் மூன்றாம் வருடத்தில் ஒரு மாலை மேகலா நம்மை நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது. அத்தை மகனுக்குத் தன்னை நிச்சயம் செய்யப்போகிறார்கள், தை மாதம் கல்யாணம் என்றாள். மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல பையன்தான். ஆனால் அவளுக்கு எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும்.

“அப்பாகிட்ட நீங்க வந்து சொல்லுங்க மேடம். சொந்தத்துல கட்டினா குழந்தை ஊனமாப் பொறக்கும்னு சொல்லுங்க. காலேஜ் மேடம் சொன்னா கேப்பாரு. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு.”

நான் உடனே சரி என்றேன். இதைவிட வசதியான காரணம் எங்கே கிடைக்கும்? விலங்கியல் பேராசிரியை நேரில் வந்து சொன்னால் எந்த அப்பனும் நடுங்குவான். நிச்சயம் நிற்கும், பெண் படிப்பாள், எல்லாருக்கும் நல்லது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாய். “வர்றேன் மேகலா. ஆனா அப்படிச் சொல்ல மாட்டேன்,” என்றாய். அந்தப் பெண்ணின் முகம் வாடிய வாட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று ஷேர் ஆட்டோவில் செம்பாக்கம் வரும்வரை நாம் போட்ட சண்டையில் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். “ஒரு பொண்ணோட வாழ்க்கைடி. ஒரே ஒரு வார்த்தை. உன் வாயில என்ன குறைஞ்சு போயிடும்?” என்று நான். “அது உண்மை இல்லடி. அபாயம் கொஞ்சம் கூடும். கூடினாலும் பெரும்பாலான குழந்தைங்க நல்லபடியாத்தான் பொறக்குது. கொஞ்சத்தைக் கொஞ்சம்னுதான் சொல்லணும்,” என்று நீ. எதிரே காலி மீன் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “யம்மா, நான் எங்க மாமனத்தான் கட்டிகினேன். நாலு பசங்கோ. நாலும் கல்லு கணக்கா கீதுங்கோ,” என்றாள்.

நீ அவளிடம் சிரித்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். “பாத்தியா, இவங்க வீட்ல நாலும் நல்லாருக்கு. எங்கம்மா அப்பாவும் அத்தை பையன், மாமா பொண்ணுதான். நான் உன் உயிரை வாங்கிக்கிட்டு குண்டுக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். என் தம்பிக்குப் பொறந்ததிலிருந்தே காது கேக்காது. இதுல எதைக் காட்டி அந்தப் பொண்ணு வீட்டைப் பயமுறுத்தச் சொல்றே? அவனைக் காட்டவா?”

உன் தம்பியை எனக்குத் தெரியும். உன்னோடு செம்பாக்கம் வீட்டில் இருந்து, கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கிறவன். என்னைக் கண்டால் இரண்டு கையையும் வாய் அருகே வைத்து மைக் மாதிரி காட்டிக் கிண்டல் செய்வான். அவன் சிரிப்பு கண் முன்னால் வந்தது. ஆனால் என் வாய் எவ்வளவு நேரம் மூடியிருக்கும்?

“நல்லதுக்குச் சொல்ற பொய்தானடி,” என்றேன்.

“ஜீன்ல மூளைன்னு சொன்னானே அந்தப் பையன், அவனுக்கும் யாரோ ஒருத்தர் நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. நாம நம்ம காரியத்துக்குச் சயின்ஸை வளைச்சா, நாளைக்கு அவனவன் அவன் காரியத்துக்கு வளைப்பான். அப்போ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்க் கேப்பே?”

செம்பாக்கம் ஏரி ஓரம் நீ இறங்கிக்கொண்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் டாட்டா காட்டவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற ஜென்மம் என்று வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஆனாலும் சனிக்கிழமை படப்பை பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டில் நான்தானே உட்கார்ந்திருந்தேன்? நீ போய்க் காரியத்தைக் கெடுத்தால் நடுவில் புகுந்து சரிசெய்யலாம் என்ற எண்ணம். மேகலாவின் அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. மாடியில் வீடு. வாசலில் பெயின்ட் டப்பாக்களைத் தாண்டி ஏறினோம். மனுஷர் தங்கமானவர். காலேஜ் மேடம்கள் வந்திருக்கிறார்கள் என்று ஆளை அனுப்பிப் பன்னீர் சோடா வாங்கிவரச் சொல்லி, மின்விசிறியை நம் பக்கம் திருப்பி வைத்து, தான் வேர்வையில் உட்கார்ந்தார். மேகலா சமையலறை வாசலில் தலையைக் குனிந்தபடி நின்றாள். அவள் அம்மா உள்ளே இருந்தார். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டதை வைத்து அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

அவரே ஆரம்பித்தார். “சொந்தத்துல கட்டினா புள்ளைங்களுக்கு ஏதோ ஆவும்னு பொண்ணு சொல்லுது மேடம். நெஜமா?”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நீ அவருக்குப் பொறுமையாகச் சொன்னாய். அபாயம் கூடும் என்பது நிஜம். எவ்வளவு கூடும், யாருக்குக் கூடும், வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே குறை இருந்தால் என்ன செய்ய வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்றெல்லாம். உன்னைப் பற்றியும் சொன்னாய், உன் தம்பியைப் பற்றியும் சொன்னாய். “எங்க ரெண்டு பேரை வச்சும் முடிவு பண்ணாதீங்க. பயப்படவும் வேணாம், அலட்சியமாவும் இருக்க வேணாம்,” என்றாய்.

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! தொடையில் தட்டிக்கொண்டார். “அப்போ தப்பில்லன்னு மேடமே சொல்லிட்டாங்க. ரொம்ப தேங்க்ஸ் மேடம். நான் கூட பேஜாராயிட்டேன்.”

போச்சு என்று நினைத்தேன். சோபாவுக்குக் கீழே உன் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். நீ காலை இழுத்துக்கொண்டு சோடாவை ஒரு வாய் குடித்தாய்.

“இன்னும் ஒண்ணு கேக்கணும் சார். மேகலாவுக்கு இதுல சம்மதமா?”

“இன்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? என் அக்கா வந்து பேசுறப்ப இந்தப் பொண்ணு இங்கதான் நின்னுகினு இருந்துச்சு. தலையைக் குனிஞ்சிடுச்சு. வெக்கம். சரின்னுதானே அர்த்தம்?”

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். “தலையைக் குனிஞ்சதைப் பார்த்தீங்க. வெக்கத்தை எங்க சார் பார்த்தீங்க?”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வீட்டில், எத்தனை கூடத்தில், எத்தனை பெண்கள் தலையைக் குனிந்திருப்பார்கள்! குனிந்ததைப் பார்த்துவிட்டு வெட்கம் என்று நாமே எழுதி, வெட்கத்தைச் சம்மதம் என்று நாமே படித்து, பந்தக்காலும் நட்டுவிடுகிறோம். சமூகவியலில் பட்டம் வாங்கிய எனக்கே மேகலா அந்த வாசலில் நிற்கிற நிற்பு அடக்கம் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

“என் பொண்ணு எனக்குத் தெரியாதா மேடம்?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“தெரிஞ்சிருக்கலாம் சார். ஆனா இதோ நிக்கிறா. கேட்டா சொல்லப் போறா.”

அவர் கேட்கவில்லை. மின்விசிறியை இன்னும் கொஞ்சம் நம் பக்கம் திருப்பி வைத்தார். அப்புறம் சமையலறைக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “கேளேன்யா. கேட்டா இன்னா கொறைஞ்சா பூடும்?”

மனுஷர் திரும்பி மகளைப் பார்த்தார். “இன்னாம்மா?”

மேகலா தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் வெட்கம் இல்லை, அழுகைதான் இருந்தது. “எனக்கு இப்ப வேணாம்ப்பா. அத்தானைப் பிடிக்கலைன்னு இல்ல. நான் இன்னும் படிக்கணும். என்னை யாருமே கேக்கலப்பா.”

அவர் எழுந்து, படி இறங்கிக் கடைக்குப் போய்விட்டார். கீழே யாருக்கோ ஆணி எடை போடுகிற சத்தம் கேட்டது. நாம் போய்வருகிறோம் என்று யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் இறங்கினோம். பஸ்ஸில் நான் உன்னை விட்டு வைக்கவில்லை. நான் சொன்னபடி சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும், இப்போது அந்தப் பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடப் போகிறார்கள், எல்லாம் உன் கோட்டால் வந்தது என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். முடிச்சூர் தாண்டியதும், “எனக்கும் பயமாத்தான்டி இருக்கு,” என்றாய். உனக்குப் பயம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். தாம்பரம் வரும்வரை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் கல்லூரி வாசலில் நின்றார். பக்கத்தில் மேகலா, தோளில் பையோடு. “ரெண்டு வருஷம் மேடம். அக்காகிட்ட பேசிட்டேன். எம்.எஸ்ஸி. முடிக்கட்டும். அப்புறம் மறுபடி கேப்பேன்,” என்றார். ஏதோ மிரட்டல் மாதிரிதான் சொன்னார்.

“கேளுங்க சார். நான் சொன்னதும் அதுதானே?” என்றாய்.

அப்புறம் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மேகலா எம்.எஸ்ஸி.க்குப் போனது தெரியும். முதல் வருடத்தில் ஈப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் சந்தேகம் கேட்க வந்தது தெரியும். அவள் முடிப்பதற்குள் நீ படுத்துவிட்டாய். கல்லீரல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் அருகே உட்கார்ந்து, ஆரஞ்சை உரித்துக்கொண்டே, “நீ நல்லாயிடுவே, பாரு,” என்றேன். நீ கண்ணைத் திறக்காமலே, “அது நினைச்சது. பார்த்ததைச் சொல்லு,” என்றாய். பாவி, அந்த நேரத்திலும்! டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய். பிறகு என் கையைத் தடவிக்கொடுத்து, “சரி, இப்ப அந்தப் பக்கத்தையும் சொல்லு. கேக்க நல்லாத்தான் இருக்கு,” என்றாய். நான் சொன்னேன். நீ நல்லாயிடுவே, நாம சேர்ந்து ரிட்டயர் ஆகி உன் வீட்டு மாடியில உக்காந்து சண்டை போடுவோம் என்று சொன்னேன். ஆரஞ்சை நீயும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத பாதி.

இன்று வகுப்பு தொடங்குவதற்கு முன், முனுசாமி அண்ணன் தீனியைப் புட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஆய்வக வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பட்டுப்புடவை, நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வயிறு. “மேடம், இந்த வாசனைக்குத்தான் ரொம்ப நாளா ஆசைப்பட்டேன்,” என்று சிரித்தாள். நம் மேகலா. வளைகாப்புக்குக் கூப்பிட வந்திருக்கிறாள். முனுசாமி அண்ணன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்.

யார் மாப்பிள்ளை தெரியுமா? அதே அத்தை மகன். இரண்டு வருடம் முடிந்ததும் அவள் அப்பா சொன்னபடியே மறுபடி கேட்டாராம். கேட்டுவிட்டு, வாயால் சொல்லு, தலையை ஆட்டாதே என்றாராம். அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு சரி என்றாளாம். அதற்கு முன் அத்தானையே நேரில் போய்ப் பார்த்து, தான் வேலைக்குப் போவேன், கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் டாக்டரிடம் போய் ஆலோசனை கேட்க வேண்டும் என்றாளாம். அவனும் லீவு போட்டுவிட்டு வந்தானாம். ஊரப்பாக்கத்தில் வீடு எடுத்திருக்கிறார்கள். ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறாள். அவள் வகுப்புக் கரும்பலகையிலும் கோடு இருக்கிறது என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்தது. அன்று நான் சொல்லச் சொன்னதை நீ சொல்லியிருந்தால்? நிச்சயம் நின்றிருக்கும், படித்திருப்பாள், எல்லாம் சரி. ஆனால் இவள் மனதுக்கு அவனையே பிடித்துப்போயிருக்கிறதே. குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று உன் வாயால் கேட்டவள், அந்தச் சொல்லையும் சேர்த்துத்தானே இப்போது சுமந்துகொண்டிருப்பாள்?

அப்போது பார்த்தேன், மேகலா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சட்டென்று தலையைக் குனிந்தாள். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகாது, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்லவில்லைடி. வாயை மூடிக்கொண்டேன். லவுட் ஸ்பீக்கர் வாயை மூடியது, முனுசாமி அண்ணன் சாட்சி. மூடிக்கொண்டு கேட்டேன்.

“என்னம்மா, பயமா இருக்கா?”

“உதைக்குது மேடம். அதான் பார்த்தேன்.” நிமிர்ந்து சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். “பயம் இல்லாம இருக்குமா மேடம்? இருக்கு. ஆனா அன்னைக்கு எங்க வீட்ல கோடு மேடம் சொன்னாங்களே, அந்த அளவுக்குத்தான் இருக்கு. அதுக்கு மேல இல்ல. ராத்திரி நல்லாத் தூங்குறேன்.”

நீ கேட்டிருக்க வேண்டும். இந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவாவது நீ இருந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டாய் போ. செம்பாக்கம் ஏரி ஓரம் திரும்பிப் பார்க்காமல் போனாயே, அந்தச் சண்டையில் நீதான் ஜெயித்தாய். இப்போது சொல்கிறேன், தலைக்கனம் ஏறினால் ஏறட்டும்.

அவள் போன பிறகு வகுப்புக்குப் போனேன். நடுவில் கோடு போட்டேன். எனக்கு நேராக வராது, தெரியுமே, கடைசியில் வலது பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த கோட்டைப் பார்த்து நீ சிரிப்பது மாதிரி இருந்தது. பலகையைப் பார்த்தபடியே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். முதல் பெஞ்சில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு பெண், சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, மெதுவாக எழுந்தாள்.

“மேடம், உங்க கண்ணுல தண்ணி வருது. அழறீங்களா, இல்ல சாக்பீஸ் தூசியா?”

பார்த்ததைச் சொன்னாள். நினைத்ததை என்னிடமே கேட்டாள். உன் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லையடி.

“அழறேன்ம்மா,” என்றேன்.